தாமதத் தொட்டி

திருச்சி கண்டோன்மென்ட்டில், பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றில், மண்டலக் கதிர்க்கழிவு நீக்கல் மற்றும் நிலைநிறுத்தல் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. பெயர் நீளம் என்பதால் பலகையைப் பாதியாக அறுத்து வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக மாட்டியிருக்கிறோம். அலுவலகத்தின் கடமை இரண்டு. ஆஸ்பத்திரி, ஆலை முதலிய இடங்களிலிருந்து கழிவுநீரோடு வெளியேறும் கதிரியக்கப் பொருட்களை நீக்க வேண்டும். நீக்கியவை மறுபடி எங்கும் ஓடிப் போய்விடாதபடி கண்ணாடியிலோ சிமெண்டிலோ இறுக்கி நிலைநிறுத்த வேண்டும். நான் அங்கே உதவியாளர். பெயர் அறிவுமதி. பெயருக்கும் உத்தியோகத்துக்கும் சம்பந்தம் தேட வேண்டாம்.

அலுவலகம் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் நாங்கள் எதையும் நீக்கவும் இல்லை, நிலைநிறுத்தவும் இல்லை. அதற்காக எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடக் கூடாது. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் ஒவ்வொரு நிறுவனமும் எங்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 'கதிரியக்கம் பட்ட பொருள், எண்ணிக்கை' என்று அதில் ஒரு கட்டம். எல்லோரும் அதில் 'இல்லை' என்று எழுதி அனுப்புவார்கள். இதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். வந்த இன்மை அறிக்கைகளைத் தொகுத்து ஒரே பெரிய இன்மை அறிக்கையாக நான் தயாரித்துச் சென்னைக்கு அனுப்புவேன். அங்கே அதை மாநில அளவில் தொகுப்பார்கள். ஒன்றுமில்லை என்பதை இத்தனை பேர் கூடி இவ்வளவு ஒழுங்காகத் தொகுக்கிற ஏற்பாடு வேறு எந்த நாட்டிலும் கிடையாது என்று எங்கள் மண்டல அலுவலர் அடிக்கடி பெருமைப்படுவார்.

அவர் பெயர் மாத்ருபூதம். ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்பு டாலர் தொங்கும். 'நெகட்டிவ் அயான் கதிர்க் கவச டாலர்' என்பது அதன் முழுப்பெயர். செல்போன், டவர், மைக்ரோவேவ், எதிலிருந்து கதிர் வந்தாலும் நெஞ்சுக்கு முன்னாலேயே தடுத்து நிறுத்திவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தில்லை நகரில் காலையில் நடக்கப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கழுத்தில் இப்போது இதுதான். அதை விற்பது சாரின் மைத்துனர். அதனால் அலுவலகத்தில் ஏழு பேரும் ஆளுக்கொன்று வாங்கி மாட்டிக்கொண்டோம். எனக்கு இன்கிரிமெண்ட் வர வேண்டியிருந்ததால் வீட்டுக்காரிக்கும் ஒன்று வாங்கினேன்.

என் வீடு தென்னூரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தச் சுவரோரம் பொன்னாங்கண்ணி தானாகத் தழைத்துக் கிடக்கும். விதைத்ததும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. என் மனைவி பறித்துப் பொரியல் செய்து தினமும் டிபன் பாக்ஸில் வைத்துவிடுவாள். மாத்ருபூதம் சார் அதில் பாதியை எடுத்துக்கொள்வார். "கண்ணுக்குக் குளிர்ச்சி மதி, உன் வீட்டுக் கீரை" என்பார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்குச் சில மாதங்களுக்கு முன், ஓர் ஐந்தாம் தேதியன்று, ஓர் அறிக்கை வந்தது. அனுப்பியது என் வீட்டை ஒட்டி இருக்கும் அதே ஆஸ்பத்திரி. தைராய்டு நோய்க்கு அங்கே கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுப்பார்கள். விழுங்கியவர் இரண்டு மூன்று நாள் தனி அறையில் இருக்க வேண்டும். அவருடைய கழிப்பறைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. பின்பக்கம் இருக்கும் ஒரு பெரிய தொட்டிக்குப் போகும். அயோடினின் வீரியம் எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாகிவிடும். எண்பது நாள் பூட்டி வைத்தால் அனேகமாக அடங்கிவிடும், அப்புறம் திறந்துவிடலாம். தாமதத் தொட்டி என்று அதற்குப் பெயர். அந்தத் தொட்டியில் ஒரு ஸ்பானரை வைப்பதென்றாலும் எங்கள் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இளவேனில் என்ற பெண் புதிதாகச் சேர்ந்திருந்தார். துவாக்குடியில் இயற்பியல் படித்தவர். நல்ல படிப்பு, அனுபவம்தான் போதாது. கட்டத்தில் இருந்ததை இருந்தபடி எழுதிவிட்டார்.

ஒன்று: பல்செட், மேலும் கீழும் சேர்த்து, 1.

இரண்டு: தாமதத் தொட்டியின் வால்வில் கசிவு. சரிசெய்ய அனுமதி தேவை.

நான் முதல் வரியைப் படித்ததுமே எழுந்து சாரின் அறைக்கு ஓடினேன்.

"சார், வந்துடுச்சு!"

"என்னது, டிரான்ஸ்பரா?"

"இல்ல சார். கதிரியக்கம்."

மாத்ருபூதம் சார் எழுந்து நின்று அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மூணு வருஷம், மதி. நம்ம ஆபீஸை மூடிடலாம்னு சென்னையில பேசிக்கிட்டிருந்தானுங்க. இனிமே மூடச் சொல்லு பாப்போம்."

"பல்செட்டுன்னு போட்டிருக்கு சார்."

"இருக்கட்டுமே. முதல் கேஸ் சின்னதாத்தான் இருக்கும்."

"ரெண்டாவது வரி ஒன்னு இருக்கு சார். கசிவுன்னு."

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "இது எப்படி இந்தக் கட்டத்துல வரும்? பொருள், எண்ணிக்கை. கசிவு பொருளா? சரி, பொருள்னே வச்சுக்க. எண்ணிக்கை என்ன போடுவ?"

"ஒன்னுன்னு போடலாம் சார்."

"ஒரு சொட்டா, ஒரு குடமா? ஆடிட்ல கேப்பான்யா. அதைத் தனிக் கோப்பாப் போட்டு அடியில வை. முதல்ல ஜீப்பை எடு."

தனிக் கோப்பாகப் போட்டு அடியில் வைத்தேன். ஜீப்பை ஐந்து பேர் தள்ளி எடுத்தோம்.

இளவேனில் எங்களைப் பார்த்ததும் வால்வைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். சார் தடுத்து, பல்செட் எங்கே என்றார். அந்தப் பெண் ஒரு சின்ன ஈயப் பெட்டியைக் காட்டினார்.

"பாலக்கரை தாஜுதீன் பாயோடது சார். மாத்திரை சாப்பிட்டவங்க எச்சில்ல கொஞ்சம் அயோடின் வரும், அது பல்செட்ல ஒட்டிக்கும். நாலு தடவை கழுவிட்டேன், பெரும்பாலும் போயிடுச்சு. ஒரு மாசம் பெட்டிக்குள்ள இருந்தா மிச்சமும் அடங்கிடும். அப்புறம் அவர்கிட்டயே குடுத்துடலாம்."

"அறிக்கையில எழுதினீங்கல்ல?"

"ஆமா சார், இருந்துச்சு, எழுதினேன்."

"எழுதிட்டா அது கவர்ன்மெண்ட் கஸ்டடிம்மா" என்று சொல்லி, சார் ஈயப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். ஜீப்பில் அதற்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் காலையில் தாஜுதீன் பாய் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. பேசும்போது காற்றுத்தான் பாதி வந்தது. கல்யாண வீடுகளில் பிரியாணி போடுகிற பண்டாரி அவர். பாலக்கரையிலிருந்து அரியமங்கலம் வரைக்கும் அவர் கையால் தம் போடாத நிக்காஹ் கிடையாது என்பார்கள். ஆஸ்பத்திரியில் யாரோடும் ஒட்டாமல் இருக்கச் சொல்லியிருந்ததால் அவராகவே ஆறடி தள்ளி நின்றார். நாங்கள் பன்னிரண்டடி தள்ளி நின்றோம்.

"ஐயா, வர்ற மாசம் ஏழாம் தேதி ஞாயித்துக்கிழமை என் மக அல்ஃபியாவுக்கு நிக்காஹ். எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. நான்தான் ஆக்கணும். அதுக்குள்ள என் பல்லைக் குடுத்துடுங்க ஐயா."

"சமைக்கப் பல்லு எதுக்கு பாய்?"

"என்ன ஐயா இப்படிக் கேட்டுட்டீங்க! கரண்டியால அமுக்கிப் பாக்குறதெல்லாம் சின்னப் பயலுவ வேலை. தேக்சாவுக்கு மூடி போடுறதுக்கு முன்னால ஒரு துண்டை எடுத்துக் கடவாப்பல்லுல வைப்பேன். கறி எந்தப் பக்குவத்துல இருக்குன்னு அது சொல்லும். முப்பது வருஷமா அப்படித்தான். ஊரு வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பக்குவம் பாத்துட்டு, என் மக கல்யாணத்துல கறி நார் நாரா இருந்துச்சுன்னா, நான் எந்த மூஞ்சியோட சபையில நிப்பேன்?"

சாருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "குடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு என்ன ஆசையா? ஆனா இந்தப் பல்லு உங்களுதுதான்னு ஒரு அத்தாட்சி வேணும். தாசில்தார் ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

தாஜுதீன் பாய் தாசில்தார் ஆபீசுக்குப் போனார். அங்கே அவருடைய ஆதார் கார்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கார்டில் இருக்கிற ஆளுக்குக் கன்னம் இருக்கிறது, உங்களுக்கு இல்லையே என்றார்கள். பல் போட்டால் கன்னம் வந்துவிடும் என்றார் பாய். அப்படியானால் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று டோக்கன் கொடுத்து அனுப்பினார்கள். எங்களிடம் திரும்பி வந்து, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பல்லைக் கொடுத்தால் முகத்தைக் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டார்.

"சான்று இல்லாம எப்படிக் குடுக்க முடியும்?" என்றார் சார்.

"பல்லு இல்லாம சான்று குடுக்க மாட்டேங்குறாங்களே ஐயா."

"அது அவங்க டிபார்ட்மெண்ட்."

இப்படியே மூன்று தடவை கண்டோன்மென்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தார். நாலாவது தடவை வரும்போது வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கொடுத்த டம்ளரைத் தனியாக வைக்கச் சொல்லித்தான் கொடுத்தேன்.

இதற்கிடையில் நிலைநிறுத்தல் பணிக்கு டெண்டர் விட்டிருந்தோம். கண்ணாடியில் உருக்கி வார்க்க உலை வேண்டும், எங்களிடம் டீ போடுகிற ஸ்டவ்தான் இருந்தது. ஆகவே சிமெண்ட் என்று முடிவாயிற்று. சிறுபாலம் கட்டுகிற கான்ட்ராக்டர் மருதைக்குப் பணி கிடைத்தது. பொறுப்பான ஆள். விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"'அளவுக்கு மேல் கதிர் காட்டும் பொருளை, அது ஒட்டியிருக்கும் பொருளோடு சேர்த்தே நிலைநிறுத்தல் வேண்டும்'னு போட்டிருக்கு. அப்ப ஈயப் பெட்டியையும் சேத்துப் போட்டுடலாங்களா?"

"சேத்தே போட்டுடுங்க" என்றார் சார்.

"மூணடிக்கு மூணடி பிளாக்கு. நடுவுல பல்லு. ஆயிரம் வருஷத்துக்கு அசையாதுங்க."

ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தோம். நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்னால். சேதி கேள்விப்பட்டு இளவேனில் ஆட்டோ பிடித்து ஓடி வந்தார்.

"சார், அதுல ஒன்னுமே இல்ல சார் இப்ப. கழுவினதுல போனது போக, நாலு தடவை பாதியாகியும் ஆச்சு. எதுக்கு சார் சிமெண்ட்?"

"ஒன்னுமே இல்லையா? அப்ப 'இல்லை'ன்னு எழுதிக் குடுங்க. இப்பவே விட்டுடுறேன்."

"இல்லைன்னா... சுத்தமா சைபர்னு எழுத முடியாது சார். பாதியாகும், அந்தப் பாதியில பாதியாகும், அதுல பாதியாகும். கணக்குப்படி சைபர் ஆகவே ஆகாது. ஆனா சுத்தி இருக்குற செவுத்துல, தரையில எவ்வளவு இருக்கோ அந்த அளவுதான் இருக்கும். நம்ம மலைக்கோட்டைப் பாறையிலகூட இருக்கு சார்."

"மலைக்கோட்டை நம்ம ஜூரிஸ்டிக்‌ஷன் இல்ல" என்றார் சார். "சைபர் ஆகாதுன்னு நீங்களே சொல்றீங்க. படிவத்துல இருக்கு, இல்லை, ரெண்டே கட்டம். செவுத்தளவு இருக்குன்னு மூணாவது கட்டம் எங்கம்மா?"

இளவேனில் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். "தொட்டி வால்வு என்னாச்சு சார்?" என்று போகிறபோக்கில் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். ஒரே ஒரு வாஷர் மாற்றினால் போதும், அரை மணி நேர வேலை என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. முற்றத்தில் மருதை ஜல்லியும் மணலும் கொட்டி, கலவை மெஷினை ஓடவிட்டிருந்தார். மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நடுவில் பல்செட்டைத் திறந்த பெட்டியில் வைத்திருந்தோம். தாஜுதீன் பாய் ஓரமாக நின்று, கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இறுக்குவதற்கு முன் ஒரு தடவை அளந்து எழுத வேண்டும் என்பது விதி. இளவேனில் மீட்டரைக் கொண்டுவந்திருந்தார்.

பல்செட்டுக்கு மேலே மீட்டரைப் பிடித்தார். டிக்... டிக் என்றது. சுவர்ப் பக்கம் கொண்டுபோனார். அங்கேயும் டிக்... டிக்.

"பாருங்க சார். ரெண்டும் ஒன்னு."

"கிட்ட வச்சுப் பாருங்கம்மா" என்று சார் மேஜைமேல் குனிந்தார். கழுத்து டாலர் சரிந்து மீட்டருக்கு நேராகத் தொங்கியது. மீட்டர் கடகடவென்று அடித்துக்கொண்டது.

மாத்ருபூதம் சார் துள்ளிப் பின்னால் போனார். "பாத்தீங்களா! பல்லுல எவ்வளவு இருக்கு பாத்தீங்களா!"

இளவேனில் மீட்டரைச் சாரின் பக்கம் நகர்த்தினார். சத்தம் அதிகமாயிற்று. பல்லின் பக்கம் கொண்டுபோனார், டிக்... டிக் என்று அடங்கியது. மறுபடி சாரின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். கலவை மெஷின் சத்தத்தையும் மீறி அது அடித்தது.

"சார், அந்த டாலர் எங்க வாங்குனீங்க?"

"இது கதிரைத் தடுக்குறதும்மா."

"தடுக்குறது இல்ல சார், விடுறது. அயான் வரணும்னு இதுல தோரியம் கலந்த மண்ணைச் சேத்திருக்காங்க. இந்த முத்தத்துல இதைவிட அதிகமாக் காட்டுற பொருள் எதுவும் இல்ல."

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சட்டைக்குள் கையை விட்டோம். இளவேனில் வரிசையாக வந்து அளந்தார். ஏழு நெஞ்சிலும் மீட்டர் பாடியது. என் வீட்டுக்காரியின் ஞாபகம் வந்தது.

மருதை கலவை மெஷினை நிறுத்தினார். விதிப் புத்தகத்தைப் பிரித்து ஒரு தடவை படித்தார். பிறகு இடுப்பிலிருந்து டேப்பை உருவிச் சாரின் தோளிலிருந்து தோள்வரை வைத்தார்.

"என்னய்யா பண்ற?"

"அளவு எடுக்குறேங்க. 'ஒட்டியிருக்கும் பொருளோடு சேர்த்தே'ன்னு போட்டிருக்குல்ல. சாருக்கு ரெண்டரை அடி அகலம் வரும், தொப்பைக்குத் தனியா அரை அடி. நின்ன வாக்குலயா, படுத்த வாக்குலயாங்க? ஏழு பேருன்னா இன்னும் ரெண்டு லோடு ஜல்லி சொல்லணும்."

"கழட்டிட்டேன்யா! இந்தா, கழட்டிட்டேன்!"

"அளந்தப்ப ஒட்டித்தானேங்க இருந்துச்சு. நான் டெண்டர்ப்படி நடக்குறவன். நாளைக்கு எனக்கு பில்லு பாஸாகணும்."

மாத்ருபூதம் சாரின் நெற்றியில் வியர்த்துவிட்டது. என் காதருகே வந்தார். "மதி, இந்த மாச அறிக்கை போயிடுச்சா?"

"இன்னைக்குத்தான் சார் கடைசித் தேதி."

"எடு. எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போடு."

எழுதினேன். டாலர், இல்லை. பல்செட், இல்லை. இதர பொருட்கள், இல்லை. சார் கையெழுத்துப் போட்டார், நான் முத்திரை குத்தினேன். மருதை படித்துப் பார்த்து, எதுவுமே இல்லாதபோது எதை நிலைநிறுத்துவது என்று ஒப்புக்கொண்டு டேப்பைச் சுருட்டினார். மண்டலம் பழையபடி சுத்தமாகிவிட்டது. ஏழு பேரும் மூச்சு விட்டோம்.

"ஐயா, அப்ப என் பல்லு?" என்றார் தாஜுதீன் பாய்.

"என்ன பல்லு?"

"அதோ, மேஜையில இருக்கே."

"பாய், இப்பத்தான் உங்க கண்ணு முன்னால கையெழுத்துப் போட்டேன். இந்த ஆபீஸ்ல பல்லே இல்ல. இல்லாததை நான் எப்படித் திருப்பித் தர முடியும்?"

தாஜுதீன் பாய் மேஜையைத் திரும்பிப் பார்த்தார். அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஐயா சொல்றது சரிதான்" என்றார். "இல்லாததைத் தர முடியாது. நான் இந்த மேஜையிலேருந்து எதையாச்சும் எடுத்துட்டுப் போனா, எடுத்துட்டுப் போயிட்டேன்னு கேஸ் போடுவீங்களா?"

சார் யோசித்தார். "எதை எடுத்தீங்கன்னு போடுறது? ஒன்னும் இல்லையே."

"அதான் கேட்டேன்."

பாய் நிதானமாக மேஜைக்கு வந்து பல்செட்டை எடுத்தார். இளவேனிலைத் திரும்பிப் பார்த்தார். "குழாய்ல நல்லாக் கழுவிட்டுப் போட்டுக்கங்க பாய், ஒன்னும் ஆகாது" என்றார் அந்தப் பெண். முற்றத்துக் குழாயில் கழுவி, பிஸ்மில்லாஹ் சொல்லி, மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் போட்டுக்கொண்டார். கன்னம் எழும்பியது. ஆதார் கார்டில் இருந்த அதே ஆள் எங்கள் முன்னால் நின்றார். இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு மனசு நிறைந்தது, அதில் என் பங்கு ஒன்றும் இல்லை என்றாலும்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துடணும். இன்ஷா அல்லாஹ், கறி பூவா இருக்கும்" என்றார்.

போனோம். தேக்சாவின் மூடி போடுவதற்கு முன் அவர் ஒரு துண்டை எடுத்துக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கண்ணை மூடியதை நானே பார்த்தேன். தலையை ஒரு தடவை அசைத்தார். பெண்ணின் தகப்பன் முகம் அது. மாத்ருபூதம் சார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போன மாதம் 'பல்செட் 1' என்று இருந்தது, இந்த மாதம் 'இல்லை' என்று இருக்கிறது. ஒரே மாதத்தில், சிமெண்டும் செலவாகாமல், கதிரியக்கத்தை எந்தத் தொழில்நுட்பத்தால் நீக்கினீர்கள் என்று விவரம் கேட்டிருந்தார்கள்.

சார் ஒரு நாள் முழுக்க யோசித்து எனக்கு டிக்டேட் செய்தார். "பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது. மேற்படி பொருள் இவ்வலுவலகத்தில் பெறப்பட்ட நாள் முதல் அதன்மீது எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படாமல் முழு முனைப்புடன் காக்கப்பட்டது. அதன் விளைவாகக் கதிரியக்கம் தானாகவே அடங்கியது எனப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."

அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. சென்னையில் ஆனந்தக் கூத்தாடினார்கள். அத்தனை வருஷமாகத் தாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்த காரியம் ஒரு விஞ்ஞான முறை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சாருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எல்லா மண்டலங்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. டைப் அடித்தது நான்தான். 'மக்கள் தரும் மனுக்களின் வீரியம் எட்டு நாட்களுக்கு ஒரு முறை பாதியாகக் குறைவது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே நிலுவையிலுள்ள அனைத்துக் கோப்புகளையும் இன்று முதல் எண்பது நாட்களுக்குப் பூட்டி வைக்கவும், அதற்கு முன் எக்காரணம் கொண்டும் திறக்காதிருக்கவும் ஆணையிடப்படுகிறது.' கோப்புகளை எல்லாம் ஓர் இரும்பு பீரோவில் அடுக்கி, வெளியே 'தாமதத் தொட்டி' என்று பெயிண்டில் எழுதி, சாவியைச் சார் வாங்கிக்கொண்டார். என் இன்கிரிமெண்ட் கோப்பும் உள்ளே போயிற்று.

பீரோ பூட்டிப் பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவிக்கு முதுகு வலி என்று கீரை பறிக்க நானே போனேன். இவ்வளவு அடர்த்தியான பொன்னாங்கண்ணியை எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். கொத்தாகப் பிடித்து இழுத்தபோது கை ஈரமாயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கோப்பே போட்டிருக்கிறேன்.

இளவேனிலுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, அந்த வால்வு இன்னும் ஒழுகுதா?"

"ஆமா சார். ரெண்டாவது வரியில எழுதியிருந்தேனே. அனுமதி வந்தா அரை மணி நேரத்துல மாத்திடலாம்."

"இந்த மாச அறிக்கையிலயும் எழுதினீங்களா?"

"எழுதலாம்னு பேனாவை எடுத்தேன் சார். ஜீப்பு ஞாபகம் வந்துச்சு, பாய் உங்க வாசப்படியில உக்காந்திருந்தது ஞாபகம் வந்துச்சு. 'இல்லை'ன்னு எழுதிட்டேன்."

திங்கட்கிழமை ஓட்டமாக ஆபீசுக்குப் போனேன். சார் என்னை முந்திக்கொண்டு, முந்தின வாரம் நான் மறந்து விட்டுப்போன டிபன் பாக்ஸை ஆபீஸ் பிரிட்ஜிலிருந்து எடுத்து, இட்லிக்கு அந்தக் கீரைப் பொரியலைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பீரோ சாவி வேணும். அந்த வால்வு கோப்பு அவசரம்."

"எண்பது நாள் ஆகலையே மதி. சுத்தறிக்கை நீதானே அடிச்ச?"

"சார், அந்தத் தொட்டித் தண்ணியிலதான் இந்தக் கீரை வளருது."

சாரின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கீரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். எவ்வளவு நாளாக என்றார். நீங்கள் சாப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து என்றேன். வெகுநேரம் யோசித்தார். ஒரு மண்டல அலுவலர் அவ்வளவு ஆழ்ந்து யோசித்து நான் பார்த்ததில்லை.

"படிவத்தை எடு" என்றார்.

"எதுக்கு சார்?"

"கீரை, இல்லைன்னு எழுது."

எழுதினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டார். நான் முத்திரை குத்தினேன். அதன் பிறகு அவர் நிம்மதியாக மீதியைச் சாப்பிட்டு முடித்தார். எனக்கும் ஒரு வாய் வைத்திருந்தார். வழக்கம்போல நன்றாகத்தான் இருந்தது.